யன்னலை மூடிப்போட்டுக் கனவு காணச் சொல்லாதேங்கோ

போன வருஷம் யாழ்ப்பாணத்தில் திறக்கவிருந்த ஒரு கிரியேட்டிவ் ஸ்டூடியோவில் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் மூன்று பேர், சுவரில் பெரிய ஓவியம் ஒன்று வரைய வேண்டும். "எங்கட மண்ணின்ர அடையாளமா இருக்கோணும். பாத்த உடன ஐடியா வரோணும்" என்றார் உரிமையாளர் அண்ணா. பனை வரைந்தோம். மூன்றாம் நாள்தான் கண்டோம், நாங்கள் வரைந்துகொண்டிருந்தது சுவரே இல்லை, ஜிப்சம் போர்ட். அதற்குப் பின்னால் ஒரு யன்னல். யன்னலுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காணியில், ஐந்தாறு பனைகள் காற்றில் சரசரத்துக்கொண்டு நின்றன.

"ஏன் அண்ணா யன்னலை மூடினனீங்கள்?"

"வெயில் அடிக்கும் தம்பி, ஏசி நிக்காது. போட்டோவிலயும் வடிவா வராது."

கூலியாக எங்களுக்குக் கிடைத்தது இரவில் கொத்து ரொட்டியும், ஓவியத்தின் மூலையில் எங்கள் பெயரும்.

அந்த அண்ணாவைத் திட்ட இதை எழுதவில்லை. அவர் நல்ல மனுசன். போனில் பார்த்த படங்களை நம்பினார், அவ்வளவுதான். எங்கள் சண்டை அந்தப் படங்களோடுதான். நியோன் எழுத்தில் 'கனவு காண்', மூலையில் பீன் பேக், சுவரில் பிளாஸ்டிக் புல், கறுப்படித்த சீலிங், எல்லாரும் முட்டி முட்டி இருக்க ஒரு நீள மேசை. கொழும்பென்றாலும் யாழ்ப்பாணமென்றாலும் அதே சமையல். இதற்குப் பெயர் 'ஊக்கமூட்டும் அலுவலகம்'. நாங்கள் சொல்கிறோம், இது வாடிக்கையாளரின் கண்ணுக்கும் கமராவுக்கும் போட்ட மேடை. அங்கே 8 மணித்தியாலம் இருந்து வேலை செய்கிற ஆளை நினைத்து ஒரு ஆணிகூட அடிக்கப்படவில்லை.

இந்தப் பைத்தியம் புதிதுமில்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவின் பெரிய விளம்பர நிறுவனமான சியாட்/டே தன் ஆட்களின் சொந்த மேசைகளை எடுத்துவிட்டது. காலையில் வந்து போனையும் மடிக்கணினியையும் இரவல் வாங்கி, இடம் கண்ட இடத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், விசித்திரமான தளபாடங்கள், பத்திரிகைகளில் பெரிய புகழ். உள்ளே இருந்தவர்கள் கடதாசிகளை வைக்க இடமில்லாமல் அலைந்தார்கள். சில வருஷங்களிலேயே நிறுவனம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

"சுவர் இல்லாட்டி எல்லாரும் கதைப்பினம், கதைச்சால் ஐடியா வரும்" என்பது அடுத்த கதை. ஹார்வர்டைச் சேர்ந்த பேர்ன்ஸ்டீனும் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, திறந்த அலுவலகத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களைப் பார்த்தது. நேருக்கு நேர் கதைப்பது ஏறக்குறைய 70 வீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சலும் செய்திகளும் கூடியிருந்தன. இதில் அதிசயம் என்ன? எல்லாரும் பார்க்கிற இடத்தில் மனுசர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்துவிடுவார்கள். கம்பஸ் நூலகத்தில் நாங்களும் அதைத்தானே செய்கிறோம்.

சரி, என்னதான் வேணும் எண்டு கேட்பீர்கள். பெரிய காசு வேண்டாம். தொழிலைத் தெரிந்திருந்தால் போதும்.

வீடியோவுக்கு நிறம் திருத்துகிறவரின் கண் முன்னால் செம்மஞ்சள் சுவர் கூடாது. சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றும், அவர் திரையில் தவறான நிறத்தைச் சரியென்று நினைப்பார். அவருக்குத் தேவை நிறமில்லாத சாம்பல் சுவர். திரையை யன்னலுக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் கண் கூசாது. மேற்கு வெயிலுக்கு யன்னலை அடைக்கத் தேவையில்லை. எங்கட ஆட்கள் தாழ்வாரம் இறக்கினார்கள், கிடுகுத் தட்டி கட்டினார்கள். கண்ணாடியும் மாபிளும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். புத்தகம் நிறைந்த அலுமாரியும் துணித் திரையும் தும்புப் பாயும் அதை வாங்கிக்கொள்ளும். இவற்றோடு முதுகு நோகாத கதிரை, மூடிக் கதைக்க ஒரு கதவு, பூட்டு வேலை செய்கிற மலசலகூடம். எங்களில் ஒருத்தி இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் நியோன் எழுத்து மூன்று இருந்தது, மலசலகூடப் பூட்டு ஒன்றுகூட இல்லை.

2022ஐ மறந்துபோனோமா? நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. ஏசியை நம்பி அடைத்த அறைகள் அடுப்பாகின. நாங்கள் விறாந்தையில் இருந்து படித்தோம். நாற்சார் வீட்டின் நடு முற்றம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. வெளிச்சத்தை இறக்கி வெக்கையை மேலே அனுப்புகிற வேலை அதற்கு இருந்தது.

நாங்கள் அழகுக்கு எதிரிகள் இல்லை. கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில் ஜெப்ரி பாவா தன் அலுவலகமாக வைத்திருந்த கட்டிடம் இன்று ஒரு கபே. போய்ப் பாருங்கள். முற்றம், தடாகம், நிழல், காற்று. படமெடுக்கவும் வடிவுதான். ஆனால் முதலில் அது மூச்சுவிடுகிற இடம்.

கடைசியாக, பீன் பேக் எதற்கு? இரவு 11 மணிக்கும் நீங்கள் வீட்டை போகாமல் இருக்க. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. "நாங்கள் ஒரு குடும்பம்" எண்டு சுவரில் எழுதினால் அந்தச் சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது. சம்பளமில்லாத இன்டர்னுக்குச் சோபா கொடுப்பதை நாங்கள் வடிவமைப்பு என்று ஏற்க மாட்டோம்.

அறை எவருக்கும் ஊக்கம் ஊட்டாது. வேலைக்கு வருகிற பிள்ளை அதைத் தன்னோடு கொண்டுதான் வருகிறது. அதைப் பறிக்காமல் விட்டாலே பெரிய உபகாரம். எனவே ஸ்டூடியோ திறக்கிற அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் ஒரே கேள்வி: வரைபடம் கீற முதல், அங்கே இருந்து வேலை செய்யப்போகிற பெடியள், பெட்டையளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நாங்களும் பிழைவிட்டோம். அன்றைக்கு யன்னலைக் கண்ட பிறகும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை, மிச்சப் பனையையும் வரைந்து முடித்தோம். இனி யாராவது சுவருக்குக் கூப்பிட்டால் கூலியைக் கதைக்க முதல் சுவரைத் தட்டிப் பார்ப்போம். பின்னால் யன்னல் இருந்தால், முதலில் அதைத் திறவுங்கோ. பிறகும் ஓவியம் வேணுமெண்டால் வாறம்.