மிதிவண்டிக்கும் வழி வேண்டும்

நுழையும்முன்

பெருநகரங்களில் பணிக்குச் செல்வோர் சிலர் மீண்டும் மிதிவண்டியை நாடத் தொடங்கியுள்ளனர். உடல்நலத்திற்காக எடுக்கும் அம்முடிவு, சாலை யாருக்கு உரியது என்னும் வினாவையும் எழுப்புகிறது. அதற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

காலை ஒன்பது மணியளவில் தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களின் முதன்மைச் சாலைகளில் ஊர்திகள் ஊர்ந்தே செல்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையுள்ள மகிழுந்து, பல வேளைகளில் ஒரே ஒருவரைச் சுமந்து செல்கிறது. அது எரிக்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை வெளியிடுகிறது. மிதிவண்டிக்கோ எரிபொருள் வேண்டா. ஓட்டுநர் உரிமமும் வேண்டா. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 6 கி.மீ. தொலைவை 24 நிமிடங்களில் கடந்துவிடலாம். நெரிசல் மிக்க நேரத்தில் மகிழுந்தில் செல்வோரும் பல சாலைகளில் இவ்வளவு நேரத்தைச் செலவிட நேர்கிறது.

தேர்வும் தேவையும்

மிதிவண்டியில் பணிக்குச் செல்வது புதுமையன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற பணிகளுக்குச் செல்வோரில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் மிதிவண்டியையே பயன்படுத்தினர். மகிழுந்து முதலிய நான்கு சக்கர ஊர்திகளில் சென்றோரைப் போல இது நான்கு மடங்குக்கும் அதிகமாகும். நாளிதழ் போடுபவர், பால் கொண்டுவருபவர், இரவுக் காவலர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். அலுவலர் ஒருவர் மகிழுந்தை விடுத்து மிதிவண்டியில் ஏறினால் அவரைப் பாராட்டுகின்றனர். முப்பது ஆண்டுகளாக மிதித்துச் செல்லும் தொழிலாளியை எவரும் பொருட்படுத்துவதில்லை. முன்னவருக்கு அது தேர்வு. பின்னவருக்கு அது தேவை. ஆயினும் இருவரையும் உரசிச் செல்லும் பேருந்து ஒன்றே. ஆகவே, மிதிவண்டிக்கு வழி கேட்கும் குரல் இருவருக்கும் பொதுவாக ஒலிக்க வேண்டும்.

இரு நகரங்கள் தரும் பாடம்

தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008ஆம் ஆண்டில் விரைவுப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. அதன் ஓரத்தில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதையும் அமைந்திருந்தது. தங்களுக்குரிய இடம் குறைந்துவிட்டதென மகிழுந்தில் செல்வோர் குறைகூறினர். மிதிவண்டிப் பாதைக்குள் இருசக்கர மோட்டார் ஊர்திகள் நுழைவதும் தடுக்கப்படவில்லை. இறுதியில் 2016ஆம் ஆண்டில் அத்தடமே அகற்றப்பட்டது. பாதை அமைத்தால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

கொல்கத்தாவில் 2013ஆம் ஆண்டில் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அவ்வெண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பொதுப் போக்குவரத்து முடங்கியபோது, காவல்துறையே மிதிவண்டிக்கான தடையைத் தளர்த்தியது. இடர்க்காலத்தில் கைகொடுத்த ஊர்தி, இயல்பான காலத்தில் மட்டும் இடையூறாவது எவ்வாறு?

மறுப்புகளும் விடைகளும்

வெயிலையும் வியர்வையையும் சிலர் காரணம் காட்டுவர். தில்லியின் மே மாத வெப்பமும் பனிக்காலப் புகைமூட்டமும் உண்மையான இடர்களே. அவ்வாறான நாள்களில் மெட்ரோவிலோ பேருந்திலோ செல்வதில் தவறில்லை. பிற நாள்களில் சற்று முன்னதாகப் புறப்பட்டு, மாற்றுடையை உடன் எடுத்துச் சென்றால் இக்குறை பெரிதும் நீங்கும். பணியிடத்தில் முகம் கழுவி உடை மாற்ற ஓர் அறையும், வண்டியைப் பூட்டி வைக்கக் கூரையுள்ள இடமும் இருத்தல் நலம்.

உயிருக்கு ஆபத்து என்பதே வலிமை மிக்க மறுப்பு. அதை எளிதில் புறந்தள்ள இயலாது. தலைக்கவசமும் ஒளிவிளக்கும் இன்றியமையாதவை. ஆயினும் விரைந்து வரும் சரக்குந்தை அவை தடுத்து நிறுத்தா. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். அதன் பின்னரே தனிப்பாதைகள் பெருகின. இன்று மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற அந்நாடும் மக்கள் கேட்டதனால்தான் மாறியது. ஆகவே, மிதிவண்டி ஓட்டுபவரிடம் துணிவை எதிர்பார்ப்பதற்கு முன், நகராட்சி அவருக்குப் பாதுகாப்பான பாதையை அளிக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ஊர்திகளைவிட மக்களின் போக்குவரத்தையே முதன்மையாகக் கருதியது. அக்கொள்கை சாலையில் கண்கூடாகத் தெரிய வேண்டும். புதிய மேம்பாலத்திற்குத் திட்டமிடும்போதே மிதிவண்டிப் பாதையையும் திட்டத்தில் சேர்த்தல், பாதையை மறித்து ஊர்திகளை நிறுத்துவோர்க்குத் தண்டம் விதித்தல், மெட்ரோ நிலையங்களில் மிதிவண்டி நிறுத்துமிடம் அமைத்தல் ஆகியன இயலாத செயல்கள் அல்ல. அலுவலர் தாம் மட்டும் பாதுகாப்பாகச் சென்றால் போதும் என எண்ணாமல், தமக்கு முன்னே சுமையோடு மிதித்துச் செல்லும் தொழிலாளிக்காகவும் பேசுதல் வேண்டும். அத்தகைய பாதையில் நாளை பள்ளி மாணவரும் அச்சமின்றிச் செல்வர்.

சொற்பொருள்

இன்றியமையாத – தவிர்க்க முடியாத
இடையூறு – தடை
தண்டம் – அபராதம்
கண்கூடாக – நேரடியாகக் காணும்படி

சிந்தித்து எழுதுக

1. ‘முன்னவருக்கு அது தேர்வு, பின்னவருக்கு அது தேவை’ – இக்கூற்றை விளக்குக.
2. தில்லி, கொல்கத்தா நிகழ்வுகளிலிருந்து நீவிர் அறிவன யாவை?
3. உம் பள்ளிக்குச் செல்லும் சாலையில் மிதிவண்டிப் பாதை அமைக்க வேண்டி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக.