கோழிச் சண்டையில் சிக்கிய லாரி!

ஜப்பான் நாட்டு டொயோட்டா கம்பெனி "ஹைலக்ஸ்" என்று ஒரு சிறு லாரி செய்கிறது. முன்னால் ஆட்கள் உட்காரலாம். பின்னால் திறந்த தட்டில் சரக்கு ஏற்றலாம். இந்த மாதிரி வண்டிக்கு "பிக்கப்" என்று பெயர். ஆப்பிரிக்காவின் மண் சாலைகளிலும், ஆஸ்திரேலியாவின் பண்ணைகளிலும் ஹைலக்ஸ் ஓடுகிறது. 2022-ல் இந்தியாவுக்கும் விற்பனைக்கு வந்தது.

பிக்கப் வண்டி என்றால் அமெரிக்கர்களுக்கு உயிர். ஆனால், அமெரிக்காவில் எந்தக் கடைக்குப் போனாலும் புது ஹைலக்ஸ் கிடைக்காது!

வாங்க ஆள் இல்லையா? இருக்கிறார்கள். பணம் இல்லையா? அதுவும் இருக்கிறது. பிறகு என்னதான் தடை?

காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், அது ஒரு கோழிப் பண்ணையில் போய் நிற்கிறது!

கோழி கிளப்பிய தகராறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய பெரிய கோழிப் பண்ணைகள் தோன்றின. கோழிக்கறியின் விலை இறங்கியது. அது கப்பல் ஏறி மேற்கு ஜெர்மனிக்குப் போயிற்று. மலிவாகக் கறி கிடைத்ததால் ஜனங்களுக்கு மகிழ்ச்சி. ஐரோப்பாவில் கோழி வளர்ப்பவர்களுக்கோ வயிற்றெரிச்சல்! தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று முறையிட்டார்கள். 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள், வெளியிலிருந்து வரும் கோழிக்கு வரியை ஏற்றின.

அமெரிக்கா சும்மா இருக்குமா? ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் பதிலடி கொடுத்தார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற பசைப் பொருள், பிராந்தி, சிறு லாரி ஆகிய நான்குக்கும் இறக்குமதி வரியை உயர்த்தினார். லாரிக்கு நூற்றுக்கு எட்டரையாக இருந்த வரி, 25 ஆயிற்று. 1964 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது.

குறி வைத்தது மேற்கு ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேன்களுக்கு. ஆனால் வரி எல்லா நாட்டு லாரிகளுக்கும் பொதுவாக விழுந்தது. கோழிச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஜப்பானும் மாட்டிக் கொண்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு லாரியின் மதிப்பு 20,000 டாலர் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு 25 என்றால் வரி 5,000 டாலர். அதே மதிப்புள்ள பயணிகள் காராக இருந்தால், நூற்றுக்கு இரண்டரைதான். வரி வெறும் 500 டாலர். 2025-ல் புது வரிகள் வரும் வரையில் இதுதான் கணக்கு.

சென்னைக்கு அருகே மறைமலைநகரில் போர்டு கம்பெனி செய்த "எகோஸ்போர்ட்" கார், 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்றது. அது பயணிகள் கார். அதனால் இரண்டரை வரியோடு உள்ளே போயிற்று. லாரியாக இருந்திருந்தால் கதையே வேறு!

தப்பிக்க ஒரு வழி

வரி பாரமானால் குறுக்கு வழி பிறக்கும். போர்டு கம்பெனி துருக்கி நாட்டில் சரக்கு வேன் செய்தது. அதில் பின் ஆசனங்களைப் பொருத்தி, பயணிகள் வண்டி என்று கணக்குக் காட்டி அமெரிக்காவில் இறக்கியது. இறங்கியதும் ஆசனங்களைக் கழற்றிவிட்டது! சுங்க இலாகா விடவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் 2024-ல் 36½ கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்து கொண்டது.

டொயோட்டா வேறு வழி கண்டது. 1995-ல் அமெரிக்கர்களுக்கென்று "டகோமா" என்ற பிக்கப்பைக் கொண்டு வந்தது. அதை அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் செய்து விற்றது. ஹைலக்ஸ் அமெரிக்காவுக்கு வெளியே நின்றுவிட்டது.

வரி மட்டுமா?

இல்லை. பாதுகாப்பு விதிகளும் வேறு. ஐரோப்பாவில் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பிறகே ஒரு மாடலை விற்கலாம். அமெரிக்காவில் கம்பெனியே சோதித்து உறுதி கூறவேண்டும். ஆசன வார் போடாத ஆளும் விபத்தில் பிழைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சோதனை கேட்கிறது. இதற்காகக் காற்றுப் பையை மாற்றி, பல வண்டிகளை மோதி உடைத்துப் பார்க்க வேண்டும். செலவு ஏராளம். கொஞ்சம் வண்டி விற்கும் மாடலுக்கு இது கட்டாது.

தனி ஆள் ஒருவர் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாமா? அமெரிக்க விதிப்படி செய்யாத வண்டி என்றால், அதற்கு 25 வயது ஆகும் வரை காத்திருக்க வேண்டும். 1988-ல் வந்த சட்டம் இது!

லாபம் யாருக்கு?

இந்த வரியால் அமெரிக்க லாரித் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அங்கே உழைப்பவர்களின் குடும்பங்களுக்கு அது சோறு. அதை மறுக்க முடியாது. ஆனால் சிறிய, மலிவான பிக்கப் தேடும் விவசாயிக்கும் தச்சருக்கும் வேறு வண்டி பார்க்க வழி குறைந்து போயிற்று. போட்டி குறைந்தால் விலை கூடும். அந்தப் பணம் அவர்கள் பையிலிருந்துதான் போகிறது.

மேற்கு ஜெர்மனி என்ற தனி நாடு 1990-ல் மறைந்தது. கோழித் தகராறும் மறந்து போயிற்று. லாரி வரி மட்டும் அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. தென் கொரிய லாரிகளுக்கு 2041 வரை இந்த வரியை நீட்டிக்க 2018-ல் ஒப்பந்தமும் செய்தார்கள். வரி போடுவது ஒரு நாள் வேலை. அதனால் பிழைக்கிறவர்கள் பெருகிய பிறகு, அதை எடுப்பது அவ்வளவு சுலபம் அல்ல.