உள்ளே இருப்பவர் "இல்லை" என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்குள் தன்பாலீர்ப்பாளர்களின் அமைப்பொன்று கிட்டத்தட்ட ஐம்பது வருடங்களாக இயங்குகிறது. விசயத்தைப் பார்த்ததும் சிலர் முகம் சுழிக்கலாம். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது உலமாக்களின் வேலை. ஒரு சிறு கூட்டம் தன்னை விரும்பாத பெரிய கட்சிக்குள் இருந்து எதைச் சாதிக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

அமைப்பின் பெயர் லொக் கெபின் ரிப்பப்ளிக்கன்ஸ். மரக்குடிசையில் பிறந்த ஆபிரகாம் லிங்கனை நினைத்து வைத்த பெயர். 1977இல் கலிபோர்னியாவில் தொடங்கினார்கள். அப்போதைய பிரச்சினை நம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசுவோரையும் அரச பாடசாலைகளிலிருந்து நீக்க வழிசெய்யும் பிரேரணையை, அதே கட்சியின் மாநில செனட்டர் ஜோன் பிரிக்ஸ் கொண்டு வந்தார்.

ஆனால் அதே கட்சியின் முன்னாள் ஆளுநர் ரொனால்ட் றீகன் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். புள்ளி குறைந்த கோபத்தில் ஒரு பிள்ளை ஆசிரியர் மீது பழி போட்டால், நிரபராதி ஒருவரின் வாழ்க்கையே அழிந்துவிடும் என்றார். வகுப்பறையில் நிற்கும் எவருக்கும் இது விளங்கும். 1978 நவம்பர் வாக்கெடுப்பில் 58 வீதத்துக்கும் அதிகமானோர் எதிர்க்க, பிரேரணை தோற்றது.

சரி, அந்தக் கட்சியில் ஏன் இருக்க வேண்டும்? வரி குறைய வேண்டும், அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். தனிமனிதர் வாழ்க்கையில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று பேசும் கட்சி, எங்கள் வாழ்க்கையில் மட்டும் ஏன் தலையிடுகிறது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

ஆனால் மரியாதை இலேசில் கிடைக்கவில்லை. 1995இல் அவர்கள் கொடுத்த ஆயிரம் டொலர் நன்கொடையை பொப் டோலின் தேர்தல் குழு திருப்பி அனுப்பியது. 2004இல் ஜோர்ஜ் புஷ், ஒரேபாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரித்தபோது, சொந்தக் கட்சி வேட்பாளரான அவரை ஆதரிக்க இவர்கள் மறுத்தார்கள். அதே வருடம், தங்களை மறைத்தால்தான் இராணுவத்தில் இருக்கலாம் என்ற சட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2010இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வருடக் கடைசியில் அச்சட்டத்தை நீக்கும் சட்டமும் நிறைவேறியது.

2016இல் டிரம்புக்கு ஆதரவு தராதவர்கள், 2019இல் முன்கூட்டியே தந்தார்கள். அதை ஏற்காமல் நிர்வாகத்திலிருந்து விலகியவர்களும் உண்டு. 2022இல் டெக்சாஸ் மாநாட்டில் அவர்களுக்கு ஒரு கூடாரம் போடவும் கட்சி இடம் கொடுக்கவில்லை.

என் கருத்து இதுதான். கட்சிக்குள் இருப்பது பிழையில்லை. உள்ளே ஆள் இல்லாவிட்டால் பிரிக்ஸ் போன்றவர்களின் குரல் மட்டுமே கட்சியின் குரலாகிவிடும். ஆனால் வாக்கையும் காசையும் எப்படியும் தருவார்கள் என்று தலைவர்களுக்குத் தெரிந்துவிட்டால், பிறகு யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். அவர்களுடைய வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, மறுத்த 2004ஆம் வருடம்தான்.

பெரிய கட்சிகளுக்குள் இருப்பதா, தனியே நிற்பதா என்று நாமும் எத்தனையோ தேர்தல்களாக வாதாடுகிறோம். உள்ளே போன நம்மவர்கள் எப்போது, எதற்கு "இல்லை" என்றார்கள் என்பதையும் அந்த வாதத்தில் சேர்த்துக் கேட்போம்.