கைக்கோடாரி யார் செலவு?



மலையிலிருந்து லயத்துக்கு வந்ததும் நமது வீடுகளில் தேடப்படுவது கைக்கோடாரிதான். விறகு பிளக்காமல் அடுப்பு எரியாது. 2022 இல் காஸ் இல்லாமல் நகரத்து மக்கள் வரிசையில் நின்றபோது விறகின் அருமை நாட்டுக்கே தெரிந்தது. நமக்கு அது அன்றாடப் பாடு.

ஆனால் அந்தக் கோடாரி லயத்தோடு நிற்பதில்லை. நிழல் மரக்கிளை விழுந்து பாதையை மறித்தாலும், பழைய தேயிலை பிடுங்கிய மலையில் வேர் வெட்ட வேண்டுமென்றாலும், வேலிக்கம்பு கூராக்க வேண்டுமென்றாலும், “வீட்டுல கோடாரி இருந்தா எடுத்துக்கிட்டு வா” என்று பெரட்டில் சொல்கிறார்கள். நாமும் கொண்டு போகிறோம். பிடி உடைந்தால் நமது செலவு. தீட்டும் அரமும் நமது செலவு. காயம் பட்டால், “உன் கோடாரிதானே, நீதான் பார்த்திருக்கணும்” என்கிறார்கள்.

இதை நாம் ஏற்கக் கூடாது. தோட்ட வேலைக்கான கருவியைத் தோட்டமே தர வேண்டும். வேலையின்போது, வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. கோடாரி யாருடையது என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்க விடக் கூடாது. காயம் பட்டவுடன் நிர்வாகத்துக்கு அறிவியுங்கள். அன்றே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். மருந்துத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். தோட்டத் தலைவருக்கும் சொல்லுங்கள். “சின்னக் காயம்தானே” என்று துணியைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனால், பிறகு கை வீங்கும்போது காட்ட ஒரு சாட்சியும் இராது.

நமது பக்கமும் குறை உண்டு. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவன் தவணைப் பரீட்சையின் கணித பாடத்தன்று ஆஸ்பத்திரியில் இருந்தான். அம்மா மலையிலிருந்து வருவதற்குள் தேத்தண்ணி வைக்க விறகு பிளந்திருக்கிறான். மழுங்கிய கோடாரி கணுவில் வழுக்கி, விறகைப் பிடித்திருந்த கையில் இறங்கிவிட்டது. அந்தத் தாயை நாம் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து இருட்டில் வருபவர் எப்போது விறகு பிளப்பது? ஆனாலும் கோடாரி பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

மழுங்கிய கோடாரிதான் அதிகம் வழுக்கும். ஆகவே தீட்டி வையுங்கள். தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைத்துச் சமாளிக்காதீர்கள். காய்ந்ததும் மறுபடி ஆடும். புது ஆப்பு அடியுங்கள். விறகை வெறுந்தரையில் வைக்காமல் அடிக்கட்டையில் வைத்துப் பிளவுங்கள். சிறு விறகைக் கையால் பிடிக்க வேண்டாம், இன்னொரு குச்சியால் தாங்கிக்கொள்ளுங்கள். கவ்வாத்துக்குக் கோடாரி ஆகாது. கத்தி வெட்டும் இடத்தில் கோடாரி பிளக்கும், பிளந்த வாதில் அழுகல் இறங்கும். கத்தி இல்லையென்றால் கத்தி கேளுங்கள்.

சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் நாம் கருவிக்காக வாய் திறப்பது குறைவு. நமது காசில் வாங்கும் ஒவ்வொரு பிடியும் அரமும் நமது சம்பளத்தில் விழும் வெட்டுத்தான். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டிலிருந்து எந்தெந்தக் கருவியைத் தோட்ட வேலைக்குக் கொண்டு போகிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி வாருங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு துரையிடம் சேர்ந்தே போவோம்.