மாடிக்கு வந்த சூரியன்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சூரிய பகவான் ஒரு குறையும் வைத்ததில்லை. சித்திரை, வைகாசியில் "போதும் சுவாமி!" என்று நாம் கும்பிடும்படி வெயிலை அள்ளிக் கொடுக்கிறார். அதை மாடியிலேயே மின்சாரமாக்கிக் கொள்ளலாமா என்பதுதான் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும் தர்க்கம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இதற்கென்று திட்டம் வகுத்து, 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் அறிவித்தது முதல் தர்க்கம் இன்னும் சூடேறியிருக்கிறது.

சாதகத்தை முதலில் பார்ப்போம். 3 கிலோவாட் பலகைகளுக்குச் சுமார் 300 சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 யூனிட் வரும். மானியம் போகக் கைப்பணம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு அது ஐந்தே வருஷத்தில் திரும்பிவிடும். பலகைகளோ இருபத்தைந்து வருஷம் உழைக்கக் கூடியவை.

ஆனால், முதல் 100 யூனிட் இலவசம் போக 500 ரூபாய் மட்டுமே கட்டுகிறவர் என்ன செய்வது? அவருக்கு 1 கிலோவாட் போதும். கைப்பணம் 40,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு மிச்சம் 3,000 ரூபாய். அந்தத் தொகையை வங்கியில் போட்டாலும் வட்டி ஏறக்குறைய அவ்வளவு வரும்! அவர் அவசரப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாதிரி சமயத்தில் பலகை கைகொடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வாஸ்தவம் அப்படியல்ல. கம்பியில் மின்சாரம் நின்றால், அதனோடு இணைந்த சூரிய சாதனமும் தானே நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் வீட்டு மின்சாரம் கம்பி வழியே ஓடி, கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிருக்கு உலை வைக்கும். இருட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பாட்டரிக்குத் தனிச் செலவு உண்டு.

ஆகவே, பலகை வைப்பது மின்வாரியத்திடமிருந்து பெறும் சுயராஜ்யமல்ல. அதனோடு செய்துகொள்ளும் கூட்டு வியாபாரம். கூட்டுச் சேருமுன் ஒரு வருஷத்து ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள். பிறகு காலையிலும் மாலையிலும் மாடிக்குச் சென்று, பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எங்கே விழுகிறதென்று கவனியுங்கள். சூரியன் தயாராக இருந்தாலும் தென்னை சம்மதிக்க வேண்டுமல்லவா?