பள்ளத்தில் தங்கும் பனி

மாசி பிறந்து நண்பகல் வெயில் சற்றே உறைக்கத் தொடங்கியதும், நீலகிரியில் வீட்டின் பின்புறம் நான்கு பாத்தி நிலம் வைத்திருக்கும் எவருக்கும் கை பரபரக்கிறது. நாற்றங்காலில் முட்டைக்கோஸ் நாலைந்து இலை விட்டு நிற்கிறது, விதைப்பையில் பீன்ஸ் காத்திருக்கிறது, அண்டை வீட்டார் நேற்றே நட்டுவிட்டார் என்ற செய்தியும் வந்து சேர்கிறது. இத்தருணத்தில் நம்மிடம் வந்து, எந்தத் தேதியில் நடலாம் என்று கேட்பவருக்கு, அச்சிட்ட பயிர் அட்டவணையைப் பார்த்து ஒரு தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவது, தோட்டக்கலைப் பணியில் இருக்கும் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் போதாது என்பதே எமது அபிப்பிராயம்.

உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பரில் தொடங்கும் உறைபனி பிப்ரவரி வரை நீடிப்பதும், சில வருஷங்களில் அதையும் தாண்டி ஓரிரு நாள் எட்டிப்பார்ப்பதும் யாவரும் அறிந்த விஷயம். ஆனால் அந்தப் பனி ஊர் முழுவதும் ஒரே சீராக விழுவதில்லை என்பதைத்தான் நாம் அழுத்திச் சொல்வதில்லை. மேகமற்ற, காற்றசையாத இரவில் பூமி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட, அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கி நிற்கிறது. ஆகையால் ஒரே வீட்டுத் தோட்டத்தில் மேல்பாத்திக்கு ஒரு பருவமும் கீழ்ப்பாத்திக்கு வேறொரு பருவமும் அமைந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வீட்டுச் சரிவிலேயே இதைக் கண்டோம். மாசி நடுவில், ஒரே நாளில் ஊன்றி முளைத்த பீன்ஸ் இரண்டு பாத்திகளில் இருந்தது. இடைவெளி 20 அடிக்கு மேல் இராது. ஒரு விடியற்காலையில் கீழ்ப்பாத்தியின் இலைகள் கண்ணாடிபோல் விறைத்திருந்தன. வெயில் ஏறியதும் வெந்நீரில் முக்கியெடுத்த கீரையாகத் துவண்டு, மாலைக்குள் கறுத்துவிட்டன. மேல்பாத்தியிலோ ஓர் இலைகூட வாடவில்லை. பிறகு பார்த்தபோதுதான், கீழ்ப்பாத்திக்கு அப்பால் குறுக்கே நின்ற அடர்ந்த உயிர்வேலி, இறங்கி வந்த குளிர்காற்றைப் போகவிடாமல் அணைபோல் தடுத்து நின்றது புலப்பட்டது. வேலியின் அடியில் இரண்டு முழ அகலத்துக்கு வழி வெட்டிவிட்டோம். அதன்பின் அவ்விடத்தில் பனியின் கடுமை வெகுவாகத் தணிந்தது.

நடும் வரிசையிலும் இதே விவேகம் வேண்டும். பட்டாணி, அகன்ற அவரை, முள்ளங்கி, கேரட் ஆகியவை குளிரைச் சகிக்கும். அவற்றை முதலில் விதைக்கலாம். கேரட்டைப் பாத்தியிலேயே நேராக விதைக்க வேண்டுமென்றும், பிடுங்கி நட்டால் வேர் கவைத்துப்போகுமென்றும் புதியவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. முட்டைக்கோஸும் குளிர் தாங்கும், ஆனால் திடப்படுத்திய நாற்றாக இருந்தால் மட்டுமே. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைக் குறைத்து, மூடாக்கை நாளுக்கு நாள் சிறிது நேரம் அதிகமாக விலக்கி, கடைசி இரண்டு இரவுகள் திறந்த வெளியிலேயே விட்டுவைத்தால், இலை சற்றுத் தடித்து, தண்டு ஊதா நிறம் பாய்ந்து உறுதிப்படும். அந்நிலையில் பிடுங்கி, அடிக்கு மேல் இடைவெளி விட்டு நட்டால் சாதாரணப் பனிக்கு அது அஞ்சாது. வேரில் வீக்கம் தென்படும் நாற்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தோட்டத்துக்குள் விடலாகாது. அவ்வீக்கத்தை உண்டாக்கும் நோயின் வித்து மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

பீன்ஸின் சுபாவம் வேறு. குளிர்ந்த ஈர மண்ணில் அதன் விதை முளைக்காமலே அழுகும். முளைத்தாலும் ஒரே இரவின் பனி அதைக் கொன்றுவிடும். உருளைக்கிழங்கின் தழையும் பனியில் கருகும், எனினும் கிழங்கில் சக்தி மிஞ்சியிருப்பதால் மறுபடி துளிர்க்கும்.

வீட்டுப் பாத்திக்கு இத்தனை கவனமா என்று எண்ணுவோர் உண்டு; ஆனால் உதகை தாவரவியல் பூங்காவின் பூர்வ சரித்திரமே ஒரு காய்கறித் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1845இல் அங்கிருந்த ஐரோப்பியர் சந்தா சேர்த்துத் தங்கள் சமையலுக்காக ஏற்படுத்திய தோட்டம் அது. 1848இல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் வந்த பின்னரே அது பூங்காவாக உருப்பெறலாயிற்று. காய்கறிப் பாத்தியை அற்ப விஷயமாகக் கருதும் இளம் அலுவலர்கள் இதை நினைவில் கொள்வது நன்று.

ஆகவே வாசக அன்பர்களுக்கு எமது வேண்டுகோள்: மாசி மாதத்தில் ஆலோசனைக்காக ஒரு வீட்டுக்குப் போனால், சூரியன் எழுமுன் போங்கள். புல்லில் வெள்ளை படிந்திருக்கும் இடங்களில் வீட்டுக்காரர் கையாலேயே முளைக்குச்சி அடிக்கச் சொல்லுங்கள். அந்தக் குச்சிகளுக்குள் அடங்கும் நிலத்துக்கு, பங்குனி பிறக்கும்வரை பீன்ஸ் விதையைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.