மங்கின மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய்த் துணியும்

சித்திரை பிறந்து பனி கரையத் தொடங்கினால், பார்க் எக்ஸ்ரென்சன் பின்சந்துகளில் படங்குக்குள் கிடந்த மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். "இதுக்கு என்ன பூசினால் பளபளப்பு வரும்?" என்று எங்களைக் கேட்கிறவர்களும் அப்போதுதான் கூட. நாங்கள் தொழிற்சாலையில் உலோகம் மினுக்குகிற பகுதியில் நிற்கிறபடியால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரிந்தது கொஞ்சம், கெடுத்துப் படித்தது மிச்சம்.

எங்கள் சின்ன வயதில், தொண்ணூறுகளில், வன்னியில் ஐயாவிடம் ஒரு சிவப்புக் கொண்டா இருந்தது. பொருளாதாரத் தடைக் காலம். ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பார். கண்ணாடி மாதிரி மின்னும். பின்னேரம் பார்த்தால் கிறவல் றோட்டுப் புழுதி முழுக்க அதில் ஒட்டியிருக்கும். எண்ணெய் மங்கலைத் திருத்தவில்லை, மறைத்தது மட்டும்தான். 2002 இல் பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகும் ஐயா அந்தப் பழக்கத்தை விடவில்லை. இங்கே நீங்கள் விடவேண்டும். மண்ணெண்ணெயோ பெற்றோலோ தோய்த்த துணியோடு அடுக்குமாடிப் பல்கனியில் நிற்பது நெருப்போடு விளையாட்டு.

பெயின்ற் மங்குவது வெயிலால். மேற்தோல் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி வெளிறிவிடும். அந்த வெளிறின தோலை மெல்லத் தேய்த்து எடுப்பதுதான் பொலிஷின் வேலை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அரத்தூள் போன்ற பொடி இருக்கிறது. வக்ஸ் தேய்க்காது, மேலே மூடிக் காக்கும். பொலிஷ் போடாமல் மங்கலின்மேல் வக்ஸ் பூசினால் அது ஐயாவின் மண்ணெண்ணெய்தான், விலை மட்டும் கூட.

எங்களோடு தங்கியிருந்த தம்பி ஒருவர், இந்த நாட்டில் தன் காசில் முதன்முதல் வாங்கின சாமான் ஒரு பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள். பெற்றோல் தாங்கி ரோசாப்பூ நிறத்துக்கு வெளிறிப்போயிருந்தது. தேய்க்கத் தேய்க்கத் துணியெல்லாம் சிவப்பு. "அண்ணை, பெயின்ற் போகுது!" என்று பயந்துவிட்டார். பழைய வாகனங்களுக்கு நிறமே கடைசிப் பூச்சு. அதனால் நிறம் துணியில் வரத்தான் செய்யும். புதியவற்றில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு. அது தலைமயிரிலும் மெல்லியது. அந்த வண்டியில் துணிக்கு நிறம் வந்தால் பூச்சைத் தாண்டிவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். மேற்பூச்சு செதில்செதிலாக உரிகிறது என்றால் எந்தப் பொலிஷும் உதவாது, திரும்பப் பெயின்ற் அடிக்கவேண்டியதுதான். உதவும் என்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

செய்கிற முறை பெரிய வித்தை இல்லை. நிழலில் நிறுத்தி, இரும்பு கைக்குக் குளிர்ந்த பிறகு கழுவித் துடையுங்கள். கோப்பை கழுவுகிற சவர்க்காரம் பழைய வக்ஸைக் கழற்றிவிடும். திருத்துகிற அன்றைக்கு நல்லது, மற்ற நாளில் வேண்டாம். பிறகு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் கடையில் இதற்கென்று விற்கிற களிக்கட்டியை ஈரமாக்கி உருட்டி எடுக்கலாம். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். ஒட்டின ஒரு மணல் போதும், கீறிவிடும். பொலிஷை முதலில் மறைவான ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு கை அகலமாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போகலாம்.

வக்ஸ் பேணியில் பிரெஞ்சில் 'சீர்' என்று இருக்கும். கர்னோபா என்றும் இருந்தால் அது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் எடுக்கிற மெழுகு. படத்தில் பார்த்தால் ஓலை எங்கள் பனை ஓலை மாதிரியே விசிறியாய் விரிந்திருக்கும். பூசுவது மெல்லிசாக இருக்கவேண்டும். தடிப்பாகப் பூசினால் துடைக்கிற கைதான் நோகும்.

இனி நாங்கள் கெடுத்த கதை. கை நோகுது என்று துளைபோடும் மெசினில் ஒரு பஞ்சுச் சில்லைப் பூட்டித் தாங்கியின் விளிம்பில் பிடித்தோம். எண்ணிப் பத்து வரமுதல் சாம்பல்நிற அடிப்பூச்சு தெரிந்தது. விளிம்புகளில் பெயின்ற் எப்போதும் மெல்லிசு. தொழிற்சாலையில் நாளாந்தம் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அன்றிலிருந்து விளிம்புக்கு ரேப் ஒட்டிவிட்டுக் கையால்தான் தேய்க்கிறோம்.

ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு வாசிக்காதீர்கள். இருக்கை, கால்மிதி, ரயர், பிறேக் தட்டு இவற்றில் வக்ஸ் படக்கூடாது. ரயரில் பட்டால் முதல் வளைவிலேயே சறுக்கும். பிறேக் தட்டில் பட்டால் பிடிக்காது. வேலை தொடங்கமுதல் தட்டைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். மினுக்கம் இல்லாத மற் பெயின்றுக்குப் பொலிஷ் போட்டால் அங்கங்கே திட்டுத்திட்டாக நிற்கும், திரும்பாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: இரவிலோ மழையிலோ மோட்டார் சைக்கிள் பார்க்காதீர்கள், ஈரத்தில் எல்லாமே புதுசு. கியூபெக்கில் அதன் பதிவுக் கட்டணம் காரைவிடக் கூட என்பதையும் முதலே விசாரியுங்கள்.

தாங்கியைப் போன வருடம் வீடியோவில் ஐயாவுக்குக் காட்டினோம். சாம்பல் தெரிந்த இடத்தில் தம்பி ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தார். ஐயா கனநேரம் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெயோ போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

அடுத்த முறை சங்கிலியைப் பற்றி எழுதுவோம்.